மண் படாமல் மன்னரைத் தரையில் கிடத்திய அசாபியா அம்மையாருக்கு

குவாமென்சோ தீயணைப்பு நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி, மூத்த நிலைய அதிகாரியாய் உயர்ந்து, இன்று மாலையோடு சீருடை களையும் மாண்பமை அசாபியா ந்தோவ் அம்மையார் அவர்களுக்கு, நிலையத்தார் அனைவரும் எழுந்து நின்று, தொப்பி கழற்றி, வியர்வை துடைத்து, வாசித்தளிக்கும் மடல்.

நெருப்புக்கு அஞ்சாத நெஞ்சினரே, நீர்க்குழாயினும் நீண்ட நாவினரே, தவறு கண்டால் தலைவரையும் தயங்காது திருத்தும் தகைமையரே, ஓய்ந்த இதயங்களை ஓட வைத்துவிட்டு இன்று தாமே ஓய்வு கொள்ளப் புறப்பட்ட ஒப்பிலா நங்கையே, வணக்கம்.

தங்களுக்கு ஈராண்டு முந்தியே ஓய்வு பெற்று, காலை ஒன்பது மணி வரை உறங்கும் அருங்கலையில் கரைகண்டுவிட்ட தங்கள் பழைய தோழர் ஒருவரைக் கோழிப்பண்ணையிலிருந்து பிடித்து வந்து இம்மடலை எழுதச் சொன்னோம். "உள்ளதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்" என்று தாங்கள் ஆள்விட்டு எச்சரித்ததாகக் கேள்வி. உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார். சற்றுத் தாராளமாக எழுதியிருக்கிறார், அவ்வளவே.

முப்பத்து மூன்று ஆண்டுகளில் தாங்கள் அணைத்த தீ ஆயிரம். கிணற்றிலிருந்து தூக்கிய ஆடுகளை வரிசையாக நிறுத்தினால் வால் இங்கிருக்கும், தலை குமாசி நகரத்தில் இருக்கும். மரக்கடைத் தெரு பற்றி எரிந்த அன்று, குழாயைப் பிடித்துக்கொண்டு தாங்கள் போட்ட அதட்டலிலேயே பாதித் தீ அடங்கிவிட்டது என்றும், தண்ணீர் மீதிப் பாதிக்குத்தான் தேவைப்பட்டது என்றும் அந்தத் தெருவார் இன்றும் சொல்கிறார்கள். நாங்கள் மறுப்பதில்லை. நாங்களும் அன்று அந்த அதட்டலுக்குப் பயந்துதான் தீக்குள் ஓடினோம்.

ஆயினும் அம்மையீர், தீயால் அல்ல, தங்கள் பெயர் இந்த வட்டாரம் முழுதும் பரவியது ஒரு பொம்மையால். இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள அந்த ரப்பர் மனிதருக்கு 'மாமா' என்று பெயரிட்டு, மூட்டையைப் போல் தோளில் போட்டுக்கொண்டு, லாரிப் பேட்டை, தேவாலயம், பள்ளிவாசல், கொக்கோ கிடங்கு, முடிதிருத்துவோர் சங்கம் என்று தாங்கள் ஏறாத படி இல்லை. நின்ற நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்து வைக்கும் சி.பி.ஆர். என்னும் அருவித்தையைக் கற்பிக்க வந்தவர், கற்பித்ததைவிடக் கண்டித்ததே மிகுதி. எங்கள் ஊரில் உலக்கை பிடிக்காத கை கிடையாது. ஆகவே மாமாவின் மார்பைக் கண்டதும் எல்லாரும் கிழங்கை ஃபுஃபுக் களியாக இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கை அரையடி மேலே எழும். இறங்கும்போது வேறோர் இடத்தில் இறங்கும். "கைய எடுக்காத. மாமா உரல் இல்ல. அழுத்தினா முழுசா எழும்ப விடு, ஆனா உள்ளங்கை அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்கணும்" என்பீர்கள். வயிற்றில் கை வைத்த முடிதிருத்தும் பெண்ணிடம், "அங்க அமுக்கினா நேத்து சாப்பிட்டது வரும், உசிரு வராது. நெஞ்சுக்கூட்டு நடுவுல வை" என்பீர்கள். ஐந்து தடவை அழுத்திவிட்டு ஜெபித்து, உயிர் வந்ததா என்று குனிந்து பார்த்து, மறுபடி ஐந்து அழுத்திய போதகரிடம், "பாஸ்டர், ஜெபத்த கை நிறுத்தாமலும் பண்ணலாம். கடவுளுக்குக் கேக்கும்" என்றீர்கள். அவர் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு முழுக்க அதையே பிரசங்கம் செய்தார் என்பது இம்மடலாசிரியர் சேர்த்ததன்று.

இனி இந்த மடலின் நடுப்பகுதி. குவாமென்சோவில் நாலு பேர் கூடினால் சொல்லப்படும் அந்த ஒட்விரா விழாக் கதையை இங்கும் சொல்லாமல் விட்டால் ஊர் எங்களை மன்னிக்காது. அதைத் தங்களிடமே சொன்னால் வரிக்கு வரி திருத்துவீர்கள். ஆகவே சிறிது நேரத்துக்குத் தங்களைத் 'தாங்கள்' என்பதிலிருந்து விடுவித்து, 'அவர்' ஆக்கி, அவையோரிடம் சொல்லப் போகிறோம். அமர்ந்து, அந்தக் குளிர்பானத்தைப் பருகி, பிறர் கதை போல் கேட்டருள்க.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒட்விரா ஊர்வல நாள். பகல் இரண்டு மணி. தெருவில் ஓர் இலட்சம் பேர் இருந்தார்கள். நிலையக் குறிப்பில் நாலாயிரம் என்று எழுதியிருக்கிறது, எழுதியவர் குட்டையானவர், பின்னால் இருந்தவர்களைப் பார்த்திருக்க முடியாது. எட்டுப் பேர் தோளில் பல்லக்கு மிதந்து வர, அதில் ஏழு மெத்தைகள் மேல் எங்கள் மன்னர் நானா அன்சா பெப்ரா, ஒரு கையில் வாளும் ஒரு கையில் குதிரைவால் கவரியுமாக, அமர்ந்தபடியே ஆடிக்கொண்டு வந்தார். மேலே பட்டுக்குடை சுழன்றது. முன்னே பெருமுரசு முழங்கியது. தீயணைப்பு வண்டியின் அருகில் அசாபியா தம் ஆட்களோடு நின்றார். துணைக்கு நிற்க வேண்டிய ஆம்புலன்ஸ், கூட்டத்தில் வலி கண்ட ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

மன்னரின் கையிலிருந்து கவரி விழுந்தது. பணியாள் எடுத்துக் கையில் வைத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி வைத்தார். மூன்றாம் முறையும் விழுந்தபோது பணியாள் சிரித்துக்கொண்டே குனிந்தார். நானா விளையாடுகிறார் என்று அவருக்கு எண்ணம். அசாபியா சிரிக்கவில்லை. அவர் பார்த்தது கவரியை அல்ல. விரல்கள் அதைப் பிடிக்க முயலவே இல்லை என்பதைப் பார்த்தார்.

சரக்கு லாரியை நிறுத்துவது போல் கையை உயர்த்திக்கொண்டு ஊர்வலத்தின் நடுவே போய் நின்றார்.

"பல்லக்க இறக்குங்க."

"மேடம், நடு ரோட்டுல நானாவ இறக்கக் கூடாது" என்றார் முன்னால் தூக்கி வந்தவர்.

"நின்னு பேச நேரமில்ல தம்பி. இறக்கு."

அந்தக் குரலுக்கு நாங்கள் தீக்குள் ஓடியிருக்கிறோம். அவர் பல்லக்கை இறக்கியதில் வியப்பில்லை.

மன்னரின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அசாபியா இரு தோள்களையும் தட்டி, "நானா, கேக்குதா நானா?" என்றார். இங்கே ஓர் இடைஞ்சல். எங்கள் மன்னரிடம் யாரும் நேரே பேசுவதில்லை. பேச்சு எதுவானாலும் வாய்மொழியாளர் வழியாகத்தான் போகும், அவர் வழியாகத்தான் திரும்பும். வாய்மொழியாளர் ஒபுவோபி நாற்பது ஆண்டுகளாகப் பொன்முடிக் கோலோடு அந்த வேலையைச் செய்பவர். எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் நின்றவர் அல்லர். அவர் கோலை உயர்த்தி, குரலைக் கனைத்து, "நானா, தீயணைப்பு நிலையத்து அசாபியா, உங்க உடல் நலமா, செவி கேட்கிறதான்னு பணிவா விசாரிக்கிறா" என்றார்.

மறுமொழி இல்லை.

"நானா யோசிக்கிறார்" என்றார் ஒபுவோபி.

அப்போது மன்னரின் தொண்டையிலிருந்து கொர்ரென்று ஓர் இழுப்பு வந்தது. கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. ஒரு பெரியவர், "குறட்டை. விடிய விடிய சடங்கு. பாவம், கண்ணசந்துட்டார்" என்று சொல்லிப் பல்லக்கைத் தூக்கச் சைகை காட்டினார்.

அசாபியா மன்னரின் மார்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அது ஏறவில்லை. அடுத்த இழுப்புக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இது குறட்டை இல்ல பெரியவரே. இது மூச்சே இல்ல. இதயம் நின்னப்புறம் தொண்டை தானா இழுக்கற இழுப்பு. இத நம்பி உட்கார்ந்தா முடிஞ்சது. டான்சோ, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. ஷாக் மெஷினோட வரச் சொல்லு."

டான்சோ அப்போது நிலையத்துக்கு வந்து மூன்று ஆண்டு ஆன வீரர். இருபத்தாறு வயது, பனைமரக் கை. செய்தியைச் சொல்லி முடித்த கையோடு ஒரே தாவலில் பல்லக்கில் ஏறி, மன்னரின் நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்கினார். குறை சொல்ல முடியாத அழுத்தம். ஆனால் கீழே ஏழு மெத்தை. அழுத்தியது நானாவை, அமுங்கியது பஞ்சு. மன்னர் முழு உடம்போடு கீழே போனார், முழு உடம்போடு மேலே வந்தார். தொலைவில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது பொன்முடியும் பட்டாடையும் துள்ளுவதுதான். நானா மறுபடி ஆடத் தொடங்கிவிட்டார் என்று ஊரே ஆர்ப்பரித்தது. குடைக்காரர் குடையைச் சுழற்றினார். முரசுக்காரர் உற்சாகத்தில் ஓர் அடியை இரண்டாக்கினார்.

"டான்சோ, நிறுத்து. மெத்தைக்கு உசிரு குடுத்துக்கிட்டு இருக்க. தரைக்குக் கொண்டு வா."

ஆர்ப்பரிப்பு அருகில் இருந்தவர்கள் வாயில் அப்படியே நின்றது. பெரியவர்களின் கைத்தடிகள் குறுக்கே வந்து விழுந்தன. ஒபுவோபி குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா அசாபியா, நீயும் இந்த ஊர்ப் பொண்ணுதான. நானா உடம்பு மண்ணுல படலாமா? பட்டா ஊருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. மெத்தையிலயே இருந்தா நானாவுக்கு என்ன ஆகும்னும் தெரியும்."

தெரியும் என்பது உண்மை. மன்னரின் வெறும் பாதத்தை மண் காணாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். அந்த உடம்பைத் தரையில் இழுத்துப் போட்ட பெண் என்ற பெயரோடு இந்த ஊரில் மீதி வாழ்நாளைக் கழிக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் கவரி விழுந்ததிலிருந்து அவர் மனத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரத்தம் தலைக்குப் போகாத ஒவ்வொரு நிமிடமும் மன்னர் இன்னும் கொஞ்சம் எட்டிப் போகிறார். பலவந்தம் செய்தால் எட்டுப் பேர் பிடித்து நிறுத்துவார்கள். அதற்கு ஒரு நிமிடம் போகும். வாதாடினால் ஒபுவோபி மாலை வரை வாதாடுவார்.

அவர் கண் ஒபுவோபியின் பின்னால் நின்ற ஓர் ஆள் மேல் விழுந்தது. அவர் கக்கத்தில் ஆட்டுத்தோல் ஒன்று சுருட்டி இருந்தது. மன்னர் எங்கே அமர்ந்தாலும் பாதத்தின் கீழ் விரிக்கும் தோல்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. நானா உட்காரும்போது அந்தத் தோல் மேல பாதத்த வைக்கிறார். அப்ப பாதம் மண்ணுல பட்டதா, படலயா?"

"படல" என்றார் ஒபுவோபி, பழக்கத்தில், உடனே.

"பாதத்துக்கு ஆகறது முதுகுக்கு ஆகாதா?"

ஒபுவோபி வாயைத் திறந்தார். நாற்பது ஆண்டில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வந்தது பின்னாலிருந்து. அரசத்தாய் என்னும் பதவியில் இருக்கும் செர்வா, மன்னரின் தமக்கை, இந்த ஊரில் மன்னரையே அதட்டும் உரிமை உள்ள ஒரே பெண், குடைக்கடியிலிருந்து நடந்து வந்திருந்தார். "ஒபுவோபி, பதில் இல்லன்னா வழி விடு. தோலை விரி. தப்புன்னு சபை சொன்னா, பரிகாரத்துக்கு ஆடு நான் தர்றேன். என் தம்பிய நீ தருவியா?"

தோல் விரிந்தது. எட்டுப் பேர் மன்னரைத் தூக்கி முதுகு தோலில் படும்படி கிடத்தினார்கள். காற்று வரட்டும் என்று ஒருவர் மன்னரின் செருப்பைக் கழற்றக் குனிய, அசாபியா அவர் கையைத் தட்டிவிட்டார். மன்னரின் செருப்பைக் கழற்றினால் அரியணையிலிருந்து இறக்கியதாகப் பொருள். உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் அரசைப் பறித்துவிடக் கூடாது. தோல் சிறியது. தலைக்கும் காலுக்கும் அடியில் விரிக்கப் பெரியவர்கள் தங்கள் போர்வைத் துணிகளை உருவிக் கொடுத்தார்கள். நீதியும் நெறியும் உரைக்கும் பன்னிரண்டு முதியோர் அன்று நட்டநடுத் தெருவில் அரைக்கால் சட்டையோடு நின்ற திருக்கோலத்தை வருணிக்க இம்மடலாசிரியருக்கு விருப்பம் மிகுதி. அவர்களில் ஐவர் முன்வரிசையில் இருப்பதால் அடக்கிக்கொள்கிறார்.

அசாபியா மண்டியிட்டார். பொன்னாரங்களை ஒதுக்கினார். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மற்றக் கையை அதன்மேல் கோத்து, தோள் நேர்மேலே வர, முழங்கை மடங்காமல் அழுத்தினார். கீழே தோல், தோலுக்குக் கீழே தார்ச்சாலை. இம்முறை அமுங்கியது நெஞ்சு.

"ஐயா, உங்க குரல் எனக்கு வேணும். முப்பது வரைக்கும் சத்தமா எண்ணுங்க" என்றார் ஒபுவோபியிடம். முரசுக்காரரிடம், "நிறுத்தாதீங்க. இது நடக்கற தாளம், இன்னும் வேகமா. இன்னும். அவ்வளவு வேணாம், அது ஓடற தாளம். ஆங், இது. நிமிஷத்துக்கு நூத்துப் பத்து. இதையே பிடிச்சுக்குங்க."

அவ்வாறாக, அரசவைக் குரலில் எண்ணிக்கை, பெருமுரசில் தாளம், நடுத்தெருவில் நெஞ்சழுத்தம். முப்பது ஆனதும் அசாபியாவின் இடுப்புப் பையிலிருந்த மூச்சு மூடியை மன்னர் முகத்தில் பொருத்தி, மோவாயை உயர்த்தி, டான்சோ இரண்டு மூச்சு ஊதுவார். மறுபடி ஒன்றிலிருந்து.

இரண்டாம் சுற்றில் நெஞ்சுக்குள் ஏதோ முறிந்த ஒலி. டான்சோ தலைமாட்டிலிருந்து குனிந்தார். "மேடம், எலும்பு."

"கேட்டுச்சு. எலும்பு ஒட்டிக்கும். ஐயா, எண்ணிக்கைய விடாதீங்க."

ஒரு பெரியவர் மதுப்புட்டியைத் திறந்துகொண்டு மன்னரின் வாயருகே வந்தார். "வாயில எதையும் ஊத்தாதீங்க பெரியவரே. மூச்சுக்குழாய்க்குப் போகும். முன்னோருக்குத் தரையில ஊத்துங்க, அவங்களும் இப்ப நம்ம பக்கம் இருக்கட்டும்." பெரியவர் ஊற்றினார். கொஞ்சம் மீதி வைத்துத் தாமும் குடித்தார் என்பார்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று கை மாற வேண்டும். அதைப் பத்தாயிரம் பேருக்குக் கற்றுக் கொடுத்தவர் அசாபியா. முதல் தடவை டான்சோவிடம் மாற்றினார், திரும்ப வாங்கினார். அதன் பிறகு மாற்றவில்லை. இரண்டு நிமிடம் போயிற்று, மூன்றும் போயிற்று. வியர்வை மூக்கு நுனியிலிருந்து மன்னரின் மார்பில் சொட்டியது. அவருக்குள் ஓடியது வேறொரு கணக்கு. இந்த உடம்பு யார் கைக்கடியில் அடங்குகிறதோ, அந்தக் கையை ஊர் மறக்காது. டான்சோ இன்னும் நாற்பது வருடம் இந்த ஊரில் இருக்க வேண்டும். அந்தப் பாரம் தம் கையில் விழுந்தால் போகட்டும்.

ஒபுவோபியின் எண்ணிக்கை தடுமாறியது. பதினேழில் நின்றார். குனிந்து, எங்கள் ஊரில் மன்னர் மறைந்தால் மட்டும் சொல்லும் சொல்லை மெல்லச் சொன்னார். "நானா கிராமத்துக்குப் போயிட்டார் அம்மா."

"வண்டி இன்னும் கிளம்பல" என்றார் அசாபியா. "பதினெட்டு."

"பத்தொன்பது" என்றார் ஒபுவோபி.

அப்போதுதான் டான்சோ பேசினார். "மேடம், ஆழம் குறைஞ்சு போச்சு. எழும்பவும் விடல, மேலயே சாஞ்சுட்டு இருக்கீங்க. மாத்துங்க."

குவாமென்சோவின் வரலாற்றில் அசாபியா ந்தோவை ஒருவர் திருத்தியது அந்த ஒரு தடவைதான். அவர் தலை நிமிர்ந்து டான்சோவைப் பார்த்த பார்வையில் அருகில் நின்ற குடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். ஆனால் அவர் தம் கைகளையும் பார்த்தார். டான்சோ சொன்னது சரி. அவை இப்போது மன்னரை அழுத்தவில்லை, மன்னர் மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

"முப்பதுல மாறு" என்றார். முப்பதில் எழுந்தார். இடையில் ஒரு துடிப்புக்கூட வீணாகாமல் டான்சோ இறங்கினார். நெஞ்சு மறுபடி ஆழமாக அமுங்கியது, முழுதாக எழும்பியது. அசாபியா தலைமாட்டில் மண்டியிட்டு மூச்சு மூடியைப் பிடித்தார். அதன் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, யாரும் சொல்லாமலே, கை மாறியது. பல்லக்குக்காரர்களில் இருவர் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு அவர்களும் முறை எடுத்தார்கள்.

பதினோராம் நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. வேறு கூட்டங்களில் நாங்கள் இதை இருபது என்றும் நாற்பது என்றும் சொல்லியிருக்கிறோம். இன்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் வந்திருப்பதால் பதினொன்று.

வியர்வை வழிந்த மார்பில் ஒட்டு பிடிக்காது என்று ஒபுவோபி தம் தோள் துணியாலேயே துடைத்துவிட்டார். கருவி ஒட்டப்பட்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நோயாளியை யாரும் தொட வேண்டாம் என்றது. ஒபுவோபி தம்மையறியாமல் கோலை உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்து, "யாரும் தொடக் கூடாதுன்னு பெட்டி ஆணையிடுது" என்று அறிவித்தார். மன்னரின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பாத்துக்கிட்டு நிக்காத, அழுத்து" என்றார் அசாபியா. கூடவே தாமே குனிந்து அழுத்தினார்.

அந்தச் சுற்று முடியுமுன், கனத்த மோதிரங்கள் போட்ட ஒரு கை மெல்ல எழுந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது.

மன்னரின் உதடு அசைந்தது. ஒபுவோபி காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்தார். நாற்பது ஆண்டுகளாக மன்னரின் ஒரு சொல்லை ஒன்பது சொல்லாக்கி அலங்கரித்துச் சொன்னவர், அன்று அலங்காரம் எதுவும் செய்யவில்லை.

"வலிக்குதுன்னு சொல்றார்."

அசாபியா கையை எடுத்தார். மார்பு தானாக ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு நடுத்தெருவில், ஊர் முழுதும் பார்க்க, டான்சோவின் பூட்ஸ் காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

அவையோரே, மீதி உங்களுக்குத் தெரியும். குமாசியின் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து, இரண்டு விலா எலும்பு ஒட்டி, மன்னர் திரும்பினார். மண் பட்டதா படவில்லையா என்று சபை இரண்டு நாள் கூடியது. தோல் தோல்தான் என்று ஒருவர். தோலின் ஓரத்துக்கு வெளியே இடது முழங்கை போயிருந்ததே என்று ஒருவர். எதற்கும் இருக்கட்டும் என்று அரசத்தாய் ஆட்டை அனுப்பிவிட்டார். ஆடு வெட்டப்பட்டு, குழம்பாகி, வாதம் இனிதே நிறைவுற்றது. பிறகு மன்னர் சபையில் ஒன்று சொன்னார், ஒபுவோபி அதை எங்களுக்குக் கொண்டு வந்தார்: இனிமேல் மாமாவின் நெஞ்சில் இரண்டு நிமிடம் ஒழுங்காக அழுத்திக் காட்டாத எவர் தோளிலும் தம் பல்லக்கு ஏறாது. ஆறு ஆண்டாக அவ்வாறே. இன்று பிராந்தியத்திலேயே பாதுகாப்பான பல்லக்கு எங்களுடையது. தூக்குவோர் எட்டுப் பேரும் நெஞ்சு நின்றவரைத் திரும்பத் தூக்கவும் தெரிந்தவர்கள்.

அம்மையீர், கதை முடிந்தது. இனித் தாங்கள் மறுபடியும் தாங்களே. திருத்தங்கள் இருப்பின் எழுத்தில் தருக.

அன்று தங்கள் கை தளர்ந்தபோது தங்களிடம் அதைச் சொன்னவர் இன்று தங்கள் நாற்காலிக்கு வருகிறார். டான்சோவுக்குத் தங்கள் கோபம் இன்னும் வாய்க்கவில்லை, முயன்று வருகிறார். வருகிற திங்கள் லாரிப் பேட்டையில் ட்ரோட்ரோ சிற்றுந்து ஓட்டுநர்களுக்கு அவர் முதல் வகுப்பு எடுக்கிறார். தாங்கள் வந்தால் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர வேண்டும் என்று அவர் வேண்டுகிறார். அது நடவாது என்பதை நாங்கள் அவருக்கு எடுத்துச் சொல்லி, முதல் வரிசையிலேயே இடம் போடச் சொல்லியிருக்கிறோம். வேலை நிற்கவில்லை அம்மையீர், முறைதான் மாறுகிறது. மாறவேண்டிய நேரத்தில் மாறுவதும் தாங்கள் கற்பித்ததே; அதைத் தாங்களே கற்கச் சற்று நேரமானது என்பதையும் அன்போடு பதிவு செய்கிறோம்.

காலை எழுந்ததும் சங்கொலிக்குக் காது கொடுக்காமல் காப்பிக்குக் கை நீட்டும் பேறு பெறுக. வாழைத்தோட்டமும் பேரக் குழந்தைகளும் வளர்க. எவரையும் மண்டியிட்டு அழுத்தாத நாட்கள் ஏராளமாய் வருக. தங்கள் இதயம் எவர் உதவியும் வேண்டாமல் தொண்ணூறும் கடந்து நூறும் தொட்டுத் துடிக்க எங்கள் முன்னோரையும் தங்கள் முன்னோரையும் வேண்டுகிறோம்.

அது எப்போதேனும் களைத்து நின்றுவிடும் என்றால், அஞ்ச வேண்டாம். இந்த ஊரில் தங்களால் கற்ற கைகள் பத்தாயிரம். தங்கள் வீட்டுக் கட்டிலில் தங்களை விட்டு வைக்க மாட்டோம். தாங்கள் மன்னரும் அல்லீர், தோல் தேடி நேரம் போக்க மாட்டோம். வெறுந்தரையில் இழுத்துப் போட்டு, மாற்றி மாற்றி, தாங்களே எழுந்து எங்களைத் திட்டும் வரை அழுத்திக்கொண்டே இருப்போம்.

என்றும் தங்கள் அதட்டலுக்கு உரிய,
குவாமென்சோ தீயணைப்பு நிலையத்தார்,
பல்லக்குத் தூக்குவோர் எண்மர்,
மன்னரின் சார்பில், அவர் சொன்னபடியே, வாய்மொழியாளர் ஒபுவோபி